சமையல் நூலுக்கான மாதிரிக் கோப்பு: பதிப்பாளரின் மேசையில் எதை வைப்பது?

திருகோணமலை, உவர்மலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்விக்கு இங்கே விடை எழுதுகிறேன். தாயாரிடமும் மாமியாரிடமும் அயலவரிடமும் கேட்டு எழுதிய 84 சமையற் குறிப்புகள் மூன்று கொப்பிகளில் அவரிடம் இருக்கின்றன. கொழும்பில் இரண்டு பதிப்பாளர்களை நேரில் சந்திக்கவும், சென்னையில் ஒருவருக்கு அனுப்பிவைக்கவும் எண்ணியிருக்கிறார். திருகோணமலை நகரிலுள்ள ஒரு ஸ்ரூடியோ, திருமண அல்பம் போலத் தோல் அட்டையும் வழவழப்பான தாளும் கொண்ட அல்பத்தில் 40 படங்களை அச்சிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. டப்லட்டில் காட்டினாலே போதும் என்பது மகனின் கருத்து. சாதாரண றிங் பைல் ஒன்றில் வைத்துக் கொண்டுபோகலாம் என்பது அவருடைய தோழியின் கருத்து. இவற்றில் எது பதிப்பாளரிடம் மதிப்பைப் பெற்றுத் தரும் என்பதே கேள்வி.

தோழி சொன்னதுதான் சரி. ஆனால் அந்த றிங் பைலுக்குள் எதை வைப்பது, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்பதில்தான் உண்மையான தெரிவு இருக்கிறது. கொழும்பில் நூல் வடிவமைப்பிலும் மெய்ப்புப் பார்ப்பதிலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் என்ற முறையில், மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

பதிப்பாளர் ஒருவர் உங்கள் கோப்பைக் கையில் எடுத்ததும் என்ன செய்கிறார் என்பதை முதலில் மனதில் கொள்ளுங்கள். முன்னுரையை அவர் வாசிப்பதில்லை. நடுவில் எங்காவது திறந்து, ஒரு குறிப்பை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார். பிறகு பொருளடக்கத்துக்குப் போய், கையோடு மனக்கணக்கொன்றும் போடுகிறார்: இது எத்தனை பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி), இதில் எத்தனை பக்கம் நிறம், இதை எவர் வாங்குவார். அதன் பின்னர் கோப்பை வடிவமைப்பாளரிடம் கொடுத்து, "இதைப் பாருங்கள்" என்கிறார். நீங்கள் அங்கே இல்லாத நேரத்திலும், உங்களை ஒருபோதும் காணாத ஒருவரின் மேசையில் கிடந்து, அது உங்களுக்காகப் பேச வேண்டும். கொடுத்துவிட்டு வர முடியாத எந்தப் பொருளும் இந்த வேலைக்கு உதவாது. டப்லட் இந்தக் காரணத்தாலேயே தோற்றுவிடுகிறது. அதை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டு எழும்பியதும் உங்கள் நூலும் எழும்பிப் போய்விடும். திரையில் ஓரக்குறிப்பு எழுதவும் எவருக்கும் மனம் வராது. படங்களை மட்டும் பார்க்க விரும்பும் ஒருவருக்குக் காட்டுவதற்காக அதைப் பையில் வைத்திருப்பதில் தவறில்லை.

அல்பத்தைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. உறவினர் ஒருவருடைய பலகாரக் குறிப்புகளுக்காக நானே ஆசைப்பட்டு அப்படியொன்றைச் செய்வித்தேன். வழவழப்பான படங்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். ஒரு வைகாசி மாதம் இரவு பஸ்ஸில் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போய் இறங்கி, காலையில் பதிப்பாளருக்கு முன்னால் அதைத் திறந்தபோது, கடற்காற்றின் ஈரத்திலும் புழுக்கத்திலும் படங்களில் பாதி பிளாஸ்டிக்குடன் ஒட்டிக் கிடந்தன. இழுத்தால் உரியும் போலிருந்தது. ஒட்டாமல் தப்பிய பக்கங்களிலோ மேலே எரிந்த ரியூப் லைற்றின் வெள்ளைக்கோடு விழுந்தது. அந்த மனிதர் படத்தைப் பார்ப்பதற்காக அல்பத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் சரித்துச் சரித்து ஓய்ந்துபோய், கடைசியில் "குறிப்புகள் எங்கே?" என்று கேட்டார். குறிப்புகள் பின்னிணைப்பாக நான்கு தாளில் இருந்தன. அல்பத்துக்குக் கொடுத்த பணத்தை விட அந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆகவே ஏ4 அளவில், அட்டை தடிப்பான றிங் பைல் ஒன்றை வாங்குங்கள். நிறம் கருப்போ கருநீலமோ இருந்தால் நல்லது, பூப்போட்டது வேண்டாம். பக்கங்களைப் பளபளப்பில்லாத மற் தாளில், 120 முதல் 160 ஜி.எஸ்.எம். கனத்தில் அச்சிடுங்கள். பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்து, நேரே துளையிட்டுக் கோத்துவிடுங்கள். ஒரு பக்கம் கறைபட்டால் அதை மட்டும் மாற்றலாம். கொழும்பில் முதலாமவருக்கு ஒரு வரிசையிலும் இரண்டாமவருக்கு வேறு வரிசையிலும் அடுக்கலாம். இத்தகைய கோப்புகள் மூன்று செய்துகொள்ளுங்கள்: கொழும்பில் கொடுத்துவிட்டு வருவதற்கு இரண்டு, உங்களிடம் வைத்திருப்பதற்கு ஒன்று. மொத்தப் பக்கங்கள் 30ஐத் தாண்டக் கூடாது.

முதற்பக்கத்தில் நூல் என்ன என்பதை ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும். இந்த ஒரு பக்கத்துக்கு நீங்கள் ஒரு வாரம் செலவழித்தாலும் வீணில்லை. நீங்கள் அனுப்பியிருந்த முகவுரை "உணவு என்பது ஓர் இனத்தின் அடையாளமாகும்" என்று தொடங்குகிறது. இதை யாழ்ப்பாணத்தவரும் எழுதலாம், மலையகத்தவரும் எழுதலாம், தஞ்சாவூரில் இருப்பவரும் எழுதலாம். உங்களுடைய மூன்றாவது கொப்பியின் நடுவில், எவரும் பார்க்காத ஓர் இடத்தில், வேறொரு வாக்கியம் இருக்கிறது: கிண்ணியாவிலிருந்து தயிர்ச்சட்டி பாதையில் (துறையைக் கடக்கும் மிதவையில்) ஏறி வரும் நாளில்தான் உங்கள் வீட்டில் அந்தக் கத்தரிக்காய்ப் பச்சடி செய்வார்கள் என்று. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை துறையைக் கடக்கப் பாதையைத்தான் நம்பியிருந்தோம் என்பதை அறிந்தவர்கள் அந்த வாக்கியத்தில் நின்றுவிடுவார்கள். அறியாதவர்கள் மேலும் அறிய விரும்புவார்கள். அதை முதற்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இனம், அடையாளம், பாரம்பரியம் ஆகிய மூன்று சொற்களையும் அந்தப் பக்கத்திலிருந்து முற்றாக எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது இடம் பொருளடக்கத்துக்கு. 84 குறிப்புகளின் பெயர்களும் இங்கே வர வேண்டும். நூல் முழுதாக உங்கள் கையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் சோறு, மரக்கறி, மீன், இறைச்சி, இனிப்பு என்று நீங்கள் பிரித்திருப்பதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. கடைகளில் கிடைக்கும் சமையல் நூல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பதிப்பாளருக்கு அந்த வரிசை பாடமாக இருக்கும். நமது கரையில் ஆண்டு இரண்டாகப் பிரிகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து, கரைவலை இழுப்பு நின்று, சமையல் கருவாட்டுக்கும் பருப்புக்கும் கீரைக்கும் திரும்பிவிடும். காற்று மாறிக் கடல் தணிந்ததும் நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கங்களில் சூடையும் நெத்தலியும் பாரையுமாகக் குவியும். உங்கள் குறிப்புகளை நான் எண்ணிப் பார்த்தேன். அவற்றில் பெரும்பங்கு இந்த இரண்டு காலங்களுக்குள் தாமாகவே போய் அமர்கின்றன. மிஞ்சுபவை கோயில் விரத நாட்களுக்குரியவையும் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பவையும்தான். நான்கு பகுதிகள் போதும். பொருளடக்கத்தைப் பார்த்த அளவிலேயே இது திருகோணமலையில் இருப்பவர் எழுதிய நூல் என்று தெரிந்துவிடும்.

அடுத்து மாதிரிக் குறிப்புகள். எட்டுக்கு மேல் வைக்காதீர்கள். 84ஐயும் தட்டச்சிட்டுக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் எல்லாவற்றையும் கண்டவர் எதையும் நினைவில் வைப்பதில்லை. எட்டைக் கண்டு மனம் பற்றியவர் மிச்சத்தைத் தானே கேட்பார். அந்த எட்டை எப்படித் தெரிவுசெய்வது என்பதில் உங்களோடு சற்று முரண்பட வேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடுபவற்றை நீங்கள் குறித்திருக்கிறீர்கள். அதில் நான்கு மீன் குழம்பு, இரண்டு இறால், ஒன்று நண்டு, ஒன்று கணவாய். எல்லாமே நல்லவைதான், ஆனால் எட்டுப் பக்கமும் செம்மண்ணிறக் குழம்பாக இருந்தால், இவருக்கு ஒரு கைதான் தெரியும் என்று பார்ப்பவர் முடிவுகட்டிவிடுவார். மீன் குழம்பு ஒன்று போதும். இரண்டாவதாகச் சுறா வறை வையுங்கள். அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவுடன் வறுக்கும் அந்த முறை ஈரமில்லாத கறியையும் நீங்கள் அறிவீர்கள் என்று காட்டும். தினமும் செய்யும் எளிய சொதி ஒன்று; ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வாடைக்காலக் கருவாட்டுக் கறி ஒன்று. அந்தக் கத்தரிக்காய்ப் பச்சடி கட்டாயம். விரத நாளுக்குரிய மரக்கறி ஒன்று. கிண்ணியாவில் உங்கள் தாயாரின் தோழி சொல்லித் தந்ததாக எழுதியிருக்கும் வட்டிலப்பம். கடைசியாக, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறி. கடைகளில் கிடைக்கும் நூல்களில் அதைத் தேடி எடுப்பது கடினம், மருந்தும் சாப்பாடும் ஒன்றாகும் அந்த இடத்தை எழுதத் தெரிந்தவரும் அதிகமில்லை.

இனி, சொதி. மிக எளிய குறிப்பு என்பதனால்தான் அதைப் பதிப்பாளர் உற்றுப் பார்ப்பார்; அவருடைய வீட்டிலும் அது இருக்கிறது. உங்கள் கொப்பியில் அது இப்படி இருக்கிறது: "தேங்காய்ப்பால் விட்டு, வெங்காயம் மிளகாய் போட்டு, கொதி வரும்போது இறக்கிப் புளி விடவும்." உங்களுக்கு இது போதும். நமது ஊரில் வளர்ந்த எவருக்கும் போதும். ஆனால் வெளியூரில் வளர்ந்த ஒரு பெண், தாய் தொலைபேசியை எடுக்காத ஒரு மாலையில் இந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன ஆகும்? எந்தப் பால், முதற்பாலா இரண்டாம் பாலா? கொதி வரும்போது என்றால் கொதித்த பிறகா, கொதிக்குமுன்னா? புளி என்றால் பழப்புளியா, தேசிப்புளியா, கொறுக்காயா? மூன்று இடத்தில் அவர் தவறலாம், மூன்றும் சொதியைக் கெடுக்கும்.

அதே குறிப்பைக் கோப்புக்காக இப்படி எழுதிப் பார்த்தேன். நான்கு பேருக்கு: தேங்காய்ப்பூ 200 கிராம், தோலுரித்த சின்ன வெங்காயம் 60 கிராம், பச்சை மிளகாய் 3, கறிவேப்பிலை ஒரு நெட்டு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, தேசிப்புளி ஒரு மேசைக்கரண்டி. தேங்காய்ப்பூவில் 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிழிந்து முதற்பாலைத் தனியே வையுங்கள். மீண்டும் 350 மில்லிலீற்றர் நீர் விட்டு இரண்டாம் பாலைப் பிழிந்து, சட்டியில் ஊற்றி, நீளவாக்கில் அரிந்த வெங்காயம், மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்து மிதமான நெருப்பில் வெங்காயம் மெதுவாகும் வரை, ஏறத்தாழ 10 நிமிடம் அவியவிடுங்கள். நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஆவி எழும்பிச் சட்டியின் ஓரத்தில் சிறு நுரை கட்டியதும், கொதிக்குமுன்னர், இறக்கிவிடுங்கள். இரண்டு நிமிடம் ஆறவிட்டுத் தேசிப்புளி சேருங்கள். அடுப்பில் இருக்கும்போது சேர்த்தால் சூடும் புளிப்பும் சேர்ந்து பாலைத் திரைத்துவிடும்.

நீளம் கூடிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். இந்த இரண்டாவது வடிவம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், அதே வேளை எவரும் அதைப் பார்த்துச் செய்துவிடலாம். "ஓரத்தில் சிறு நுரை கட்டியதும்" என்பது போன்ற ஓர் அடையாளம் ஒவ்வொரு குறிப்பிலும் ஒன்றாவது வேண்டும். நிமிடக் கணக்கு அடுப்புக்கு அடுப்பு மாறும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் அடையாளம் மாறாது. உங்கள் கொப்பிகளில் இவை இருக்கின்றன, ஆனால் வாயால் சொல்லும்போது மட்டும் வருகின்றன. கருவாட்டுக் கறியைப் பற்றிக் கேட்டபோது "எண்ணெய் மேலே பிரிந்து மணம் மாறும்" என்று என்னிடம் சொன்னீர்கள். எழுத்தில் "நன்றாக வேகவிடவும்" என்று போட்டிருக்கிறீர்கள்.

அளவுகளில் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு பக்கத்தில் சுண்டு, இன்னொன்றில் கோப்பை, வேறொன்றில் "ஒரு பிடி" என்று இருந்தால், பதிப்பாசிரியர் அதைத் திருத்துவதற்கு எத்தனை நாள் போகும் என்று உடனே கணக்கிடுவார். சுண்டை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; அது நமது வீட்டு அளவு, நூலில் அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும். ஆனால் உங்கள் வீட்டுச் சுண்டில் அரிசியும் மாவும் பருப்பும் எத்தனை கிராம் கொள்கின்றன என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்து, கிராமை முன்னாலும் சுண்டை அதன் பின்னாலும் எழுதுங்கள். சமையலறைத் தராசு ஒன்று இல்லாமல் இந்த வேலைக்குள் இறங்க வேண்டாம். எட்டுக் குறிப்புகளையும் உங்களுடையதல்லாத ஓர் அடுப்பில், நீங்கள் பக்கத்தில் நின்று வாய் திறவாமல் இருக்க, வேறொருவரைக் கொண்டு செய்வித்துப் பாருங்கள். விறகடுப்பில் பழகியவர் எழுதிய "மிதமான நெருப்பு" காஸ் அடுப்பில் என்னவாகிறது என்பது அப்போதுதான் வெளிக்கும். எத்தனை முறை, எந்த அடுப்பில் செய்து பார்த்தீர்கள் என்பதைக் குறிப்பின் அடியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். படங்கள் நாற்பதும் சேர்ந்து தராத நம்பிக்கையை அந்த ஒரு வரி பதிப்பாளருக்குத் தரும்.

சென்னைக்கு அனுப்பும் மின்படியில் மேலதிகமாக ஒரு பக்கம் வேண்டும். உள்ளி அங்கே பூண்டு, தேசிக்காய் எலுமிச்சை, கோவா முட்டைக்கோஸ், போஞ்சி பீன்ஸ், தேங்காய்ப்பூ துருவிய தேங்காய், அறக்குளா வஞ்சிரம். குறிப்புகளுக்குள் நமது சொற்களையே வைத்துக்கொண்டு, இந்தச் சொற்பட்டியலை இறுதியில் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் அவர்களுடைய சொல்லுக்கு மாற்றி எழுதிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும், "இது எங்கள் ஊர்ப் புத்தகம் போலவே இருக்கிறதே, இதை ஏன் இலங்கையிலிருந்து வாங்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டார்கள்.

படங்களுக்கு வருவோம். 40 வேண்டாம், எட்டுக் குறிப்புக்கு ஆறு படம் போதும், இரண்டு பக்கங்கள் படமின்றியே நிற்கட்டும். அச்சில் எல்லாக் குறிப்புக்கும் படம் வரப்போவதில்லை என்பதை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று அது காட்டும். காரணம் பாரக் கணக்கு. நூல் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட பாரங்களாக அச்சாகிறது. உங்கள் 84 குறிப்புகளும் ஒவ்வொன்றும் இரண்டு பக்கம் என்றால் 168. முன்னுரை, சொற்பட்டியல், அட்டவணை என்று 24 பக்கம் சேர்த்தால் 192, சரியாக 12 பாரம். அத்தனையையும் நான்கு நிறத்தில் அச்சிட்டு, சில நூறு பிரதிகளே போடும் நமது தமிழ்ச் சந்தையில் விற்பதென்றால் விலை வாங்குபவரின் கைக்கு எட்டாது. 12 பாரத்தையும் ஒரே நிறத்தில் வைத்து, 16 பக்க வண்ணப் பாரம் ஒன்றை மட்டும் ஆர்ட் தாளில் இடையில் சேர்ப்பது பதிப்பாளர்களுக்குப் பழக்கமான வழி. "வண்ணப் பக்கங்கள் 16 போதும், அவற்றில் வருபவை இவை" என்று நீங்களே ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டால், பேச்சு பாதித்தூரம் தானாகவே நகர்ந்துவிடும்.

படம் எடுப்பதற்கு ஸ்ரூடியோவுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், நேர் வெயில் விழாத ஒரு யன்னலோரத்தில், மேசையில் மங்கலான துணியொன்றை விரித்து, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருமாறு வைத்து எடுங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் சொதியும் குழம்பும் பருப்பும் ஒரே நிறமாகிவிடும். பிளாஷ் போட்டால் எண்ணெய் மட்டும் மின்னும். எவர்சில்வர் தட்டு வேண்டாம், அதில் உங்கள் முகமும் கூரையும் தெரியும். மண்சட்டியும் வெள்ளைப் பீங்கானும் போதும். எல்லாப் படங்களும் அதே யன்னலில், அதே நேரத்தில் எடுக்கப்பட்டிருந்தால், ஆறு படமும் ஒரே நூலின் படங்களாகத் தெரியும். பார்ப்பவர் தொழில்நேர்த்தி என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒருமைதான். விலை கூடிய கமரா அதைத் தராது.

ஏ4 பக்கம் முழுவதையும் நிரப்ப, அச்சுத் தரமான 300 டி.பி.ஐ.யில், படம் 2480க்கு 3508 புள்ளிகள் கொண்டதாக இருக்க வேண்டும். இன்றைய கைபேசிகளில் 12 மெகாபிக்சல் படம் வழமையாக 3000க்கு 4000 வரும். ஆகவே உங்கள் கைபேசி போதும். கெடுப்பது வட்ஸ்அப். அதில் படமாக அனுப்பினால் சுருக்கித்தான் போகும். ஆவணமாக இணைத்தால் மூல அளவிலேயே போய்ச் சேரும். இன்னொன்று: திரையில் நீங்கள் காணும் மிளகாய்ச் சிவப்பும் கறிவேப்பிலைப் பச்சையும் நான்கு மையில் அச்சாகும்போது சற்று மங்கும். கைபேசியில் நிறத்தைக் கூட்டிக் கொடுத்தால், அச்சுக்குப் பிறகு வரும் ஏமாற்றமும் கூடும். இயல்பாக விட்டுவிடுங்கள்.

எழுத்துருவைப் பற்றிச் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. நமது நாட்டில் இன்னமும் பலர் பாமினியில்தான் தட்டச்சிடுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் சொதி வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட்டில் தட்டச்சிட்டு, பி.டி.எஃப். ஆக்கி, அதை வேறொருவரின் கணினியில் திறந்து பார்த்த பின்னரே அனுப்புங்கள்.

உங்களைப் பற்றிய பக்கம் அரைப்பக்கத்தில் முடியட்டும். பட்டங்களும் பாடசாலையில் பெற்ற பரிசுகளும் இங்கே வேலை செய்யாது. எத்தனை ஆண்டுகளாக இந்தக் குறிப்புகளைச் சேகரித்தீர்கள், எந்தெந்த ஊர்களில் எவரிடமிருந்து, கோயில் அன்னதானத்திலோ வேறெங்கோ பெருந்தொகையினருக்குச் சமைத்ததுண்டா என்பவையே வேண்டும். மீதி அரைப்பக்கத்தில் இதை எவர் வாங்குவார் என்று எழுதுங்கள். "உலகெங்கும் வாழும் தமிழர்" என்ற விடையைப் பதிப்பாளர்கள் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆடியிலும் ஊருக்கு வந்துபோகும் உறவினர்களில் எத்தனை பேர் உங்களிடம் குறிப்புக் கேட்டு எழுதிப் போனார்கள் என்று எண்ணிச் சொன்னால், அது பதினைந்தே என்றாலும் நம்பக்கூடிய எண். நூலகத்திலும் கடைகளிலும் இருக்கும் தமிழ்ச் சமையல் நூல்களை ஒரு நாள் உட்கார்ந்து புரட்டிப் பார்த்துவிட்டு, அவற்றில் இல்லாதது உங்களிடம் எது என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த நூல்களைக் குறைகூற வேண்டாம், அவற்றில் ஒன்றை வெளியிட்டவரே உங்கள் எதிரில் இருக்கக்கூடும்.

குறிப்புகளைக் காட்டினால் களவுபோகுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் நீங்கள் எழுதிய வசனத்தையும் எடுத்த படத்தையும் பாதுகாக்கிறது; எண்ணத்தையும் செய்முறையையும் அது பாதுகாப்பதில்லை. சொதிக்கு முதற்பாலைக் கடைசியில் விடுவது எவருக்கும் சொந்தமானதல்ல. அதை நீங்கள் சொன்ன விதம் உங்களுடையது. எட்டு மட்டும் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும். மறுபுறத்தில், உங்களுக்கு இருக்கும் கடமையையும் மறக்க வேண்டாம்: வட்டிலப்பத்தைச் சொல்லித் தந்தவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரையும், இல்லையென்றால் ஊரையும் உறவையும் குறிப்பின் தலைப்பிலேயே எழுதுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட வேண்டாம். வேறொருவர் எடுத்த படமாக இருந்தால், நூலில் பயன்படுத்த அவர் தரும் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவைத்திருங்கள்.

பணப்பேச்சு முதற்சந்திப்பிலேயே வரலாம். அச்சுச் செலவில் பங்கு கேட்கும் பதிப்பாளர்கள் உண்டு. அது ஏமாற்று என்று எண்ணிவிட வேண்டாம், நமது சந்தையின் அளவு அப்படி. ஆனால் எத்தனை பிரதி, விலை என்ன, உங்கள் பங்குக்கு எத்தனை பிரதிகள், மறுபதிப்பு உரிமை எவருக்கு என்ற நான்கையும் எழுத்தில் பெறாமல் காசு கொடுக்காதீர்கள். சர்வதேச நியம நூல் எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடமிருந்து பெற வேண்டும். வழமையாகப் பதிப்பாளரே அதைப் பார்த்துக்கொள்வார்.

போகும் காலத்தையும் யோசியுங்கள். கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி செப்டெம்பரில் வரும். அதற்கு முந்திய இரண்டு மாதமும் பதிப்பாளர்கள் அச்சகத்திலேயே குடியிருப்பார்கள். சென்னையில் பொங்கலை ஒட்டிய புத்தகக் காட்சிக்கு முன்னரும் அதே நிலை. கொழும்புக்கு ஒக்டோபர் நடுப்பகுதியும் சென்னைக்குப் பெப்ரவரி கடைசியும் நல்ல வேளை. அதற்குள் எட்டுக் குறிப்பையும் செய்து பார்க்கக் காலம் இருக்கிறது.

ஸ்ரூடியோவுக்கு முற்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் அந்தப் பணத்தில் தராசு ஒன்றையும், மூன்று றிங் பைல்களையும், மற் தாளில் அச்சிடும் செலவையும், கொழும்புக்குப் போய்வரும் ரயில் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளலாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால், 40 படங்களுக்குப் பதிலாக உங்கள் தாயாரும் மாமியாரும் அடுப்படியில் நிற்கும் படம் ஒன்றை மட்டும் நன்றாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதற்பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.